இருநூறு ஆட்டம், ஐந்து ட்ரை: ரக்பி முன்கள வீரர் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ரக்பி யூனியன் முன்கள வீரர் ஒருவர் ஓய்வு பெற்ற செய்தியைப் படித்தேன். பதினான்கு ஆண்டுகளில் நான்கு கிளப்புகளுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்த ட்ரைகள் ஐந்தே ஐந்து. இதைச் சிறப்பான கிளப் வாழ்க்கை என்று எப்படிப் பாராட்டுகிறார்கள்?

பதில்: அந்த ஐந்தை ஒதுக்கிவிட்டு இருநூறைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரக்பி யூனியனில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர். 1 முதல் 8 வரை எண்ணிட்ட சட்டை அணிபவர்கள் முன்கள வீரர்கள். 9 முதல் 15 வரை அணிபவர்கள் பின்கள வீரர்கள். பந்தைக் கைப்பற்றுவதும், கைப்பற்றியதைக் காப்பதும் முதலாமவர்களின் வேலை. அப்படிக் கிடைத்த பந்தோடு ஓடுவது பெரும்பாலும் இரண்டாமவர்களின் வேலை. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை. அதற்கு 5 புள்ளிகள். பதித்தவரின் பெயர் மறுநாள் செய்தியில் வரும். அதற்கு முன் பத்து முறை தரையில் விழுந்து எழுந்து, அந்தப் பந்து கைநழுவாமல் பார்த்துக்கொண்டவரின் பெயர் வராது.

ஜேசன் லெனர்ட் என்ற இங்கிலாந்து வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்லெக்வின்ஸ் கிளப்பில் 1990 முதல் 2004 வரை ஆடிய அவர், இங்கிலாந்துக்காக 114 ஆட்டங்களில் களமிறங்கினார். அவர் ஓய்வு பெற்றபோது அது உலகச் சாதனை. அந்த 114 ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எடுத்த ட்ரை ஒன்றுதான், 1996இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக. அவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்லும் ரக்பி ரசிகர் எவரும் இல்லை.

எனவே ஒரு முன்கள வீரரின் விவரக்குறிப்பைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை ஆட்டங்களில் அவர் தொடக்கத்திலிருந்தே ஆடினார், எத்தனையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் என்பதைத்தான். ஓர் ஆட்டத்துக்கு 23 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் 8 பேர் வெளியே அமர்ந்திருப்பார்கள். ஒருவர் ஐந்து ஆண்டுகள் 16ஆம் எண்ணோ 18ஆம் எண்ணோ அணிந்தே ஆடியிருந்தால், அவருடைய இடத்தில் அவரைவிடச் சிறந்தவர் ஒருவர் அதே கிளப்பில் இருந்திருக்கிறார் என்று பொருள். அடுத்த வேறொரு கிளப்பில் அவர் பெயருக்கு எதிரே திடீரென்று இருபது தொடக்க ஆட்டங்கள் தெரிந்தால், அந்த இடமாற்றத்தின் காரணம் புரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நவம்பரிலும், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் நாட்டு அணிகளின் ஆட்டங்கள் நடக்கும்போது, கிளப்பின் புகழ்பெற்ற வீரர்கள் அங்கே போய்விடுவார்கள். கிளப்பின் ஆட்டங்கள் அதற்காக எப்போதும் நின்றுவிடுவதில்லை. அந்தக் குளிர்கால வாரங்களில், பாதி அணி இல்லாத நிலையில், ஈரத் தரையில் கிளப்பைத் தாங்கிப் பிடிப்பவர்கள் நீங்கள் குறிப்பிட்டவரைப் போன்றவர்களே. பயிற்சியாளர்கள் அவர்களை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இருநூறு ஆட்டம் என்றால், ஏறக்குறைய இருநூறு வாரங்கள் உடல் தேறி, பயிற்சியில் தவறாமல் நின்று, தேர்வுப் பட்டியலில் இடம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். என் கண்ணுக்கு அது பெரிய எண்ணாகவே தெரிகிறது.

கேள்வி: எல்லா முன்கள வீரர்களிலும் 3ஆம் எண் சட்டைக்காரருக்குத்தான் கிளப்புகள் அதிகப் பணம் கொடுக்கின்றன என்கிறார்களே, உண்மையா? அவர் ஓடவும் மாட்டார், உதைக்கவும் மாட்டாரே?

பதில்: எல்லா அணியிலும் அவர்தான் அதிகம் பெறுகிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல 3ஆம் எண்காரர் கிடைப்பது அரிது. அரிதான சரக்குக்கு விலை ஏறத்தான் செய்யும். நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் 2007இல் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்புக்குப் போனபோது, உலகிலேயே அதிக ஊதியம் பெறும் ரக்பி வீரர் அவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் 3ஆம் எண்காரர்.

காரணம் புரிய, ஸ்க்ரம் என்ற மோதலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரு அணிகளின் எட்டெட்டு பேரும் குனிந்து, தலைகளைக் கோத்துக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளுவதே ஸ்க்ரம். முதல் வரிசையில் மூவர்: 1ஆம் எண்ணுக்கு லூஸ்ஹெட் ப்ராப், 2ஆம் எண்ணுக்கு ஹூக்கர், 3ஆம் எண்ணுக்கு டைட்ஹெட் ப்ராப் என்று பெயர். இரு வரிசைகளும் கோத்துக்கொள்ளும்போது 1ஆம் எண்காரரின் தலைக்கு ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கும். 3ஆம் எண்காரரின் தலையோ எதிரணியின் இருவருக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். எனவே அவருடைய இரு தோள்களிலும் பாரம் இறங்கும். முன்னால் எதிரணியின் லூஸ்ஹெட்டும் ஹூக்கரும் நெருக்க, பின்னால் சொந்த அணியின் லாக் என்ற நெட்டையர் இடுப்புக்குக் கீழே தோள்கொடுத்துத் தள்ளுவார். உயர்மட்ட அணி ஒன்றின் எட்டு முன்கள வீரர்களின் எடை ஏறத்தாழ 900 கிலோ வரும்.

நடுவர் குனியச் சொல்கிறார், பற்றச் சொல்கிறார், மூன்றாவது சொல்லில் இரு சுவர்களும் முட்டுகின்றன. கன்னத்தோடு கன்னம் உரச, எதிராளியின் மூச்சு காதில் கேட்கும் தொலைவில், ப்ராப்பின் கண்ணுக்குத் தெரிவது ஒரு முழம் புல்தரை மட்டுமே. பின்னால் நிற்கும் லாக்கின் காதுகள் உராய்ந்து கிழியாமலிருக்கத் தலையைச் சுற்றி ஒட்டுநாடா. முதுகு ஒரு சாண் உயர்ந்தால் எதிராளி அடியில் புகுந்து தூக்கிவிடுவார்; ஒரு சாண் தாழ்ந்தால் ஸ்க்ரம் சரிந்து தண்டனை கிடைக்கும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் அதற்குள் தேநீர் எடுக்கப் போய்விடுகிறார்!

அந்தச் சில நொடிகளில் 3ஆம் எண்காரர் பின்வாங்கினால் ஸ்க்ரம் முழுவதும் அவரோடு பின்வாங்கும். தண்டனை உதை எதிரணிக்குப் போகும். அதைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3 புள்ளிகள். அல்லது பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து, எதிரணியின் கோட்டருகே லைன்-அவுட், அதாவது பக்கக்கோட்டிலிருந்து இரு வரிசைகளுக்கு நடுவே பந்தை எறியும் வாய்ப்பு, வாங்கி, அங்கிருந்து கூட்டமாகத் தள்ளிக்கொண்டே போய் ட்ரை எடுக்கலாம். ஆட்டத்தில் இப்படி நான்கு தண்டனை வந்தால் முடிவே மாறிவிடும். இந்த இழப்பைத் தடுக்கும் மனிதருக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று எந்தக் கிளப்பும் நினைப்பதில்லை.

விதியும் அவர் பக்கம்தான். முதல் வரிசையில் பயிற்சி இல்லாதவரை நிறுத்தினால் கழுத்து முறியும் ஆபத்து உண்டு என்பதால், 23 பேர் கொண்ட அணியில் இரண்டு முழு முதல் வரிசைகள் இருந்தாக வேண்டும். ஆக, வெளியே அமரும் 8 இடங்களில் 3 அவர்களுக்கே உரியவை. காயம், ஓய்வு எல்லாவற்றையும் கணக்கிட்டால் ஒரு கிளப் ஒரு பருவத்துக்கு நான்கைந்து டைட்ஹெட்டுகளையாவது கைவசம் வைத்திருக்கும். ஆகவே இரண்டாம் தர டைட்ஹெட்டுக்கும் வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் வல்ல இரண்டாம் தர பின்கள வீரருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கேள்வி: இருபது வயதில் பின்கள வீரர்கள் புகழ் பெறுகிறார்கள். முன்கள வீரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்?

பதில்: வேகம் பிறவியில் வரலாம், ஸ்க்ரம் பிறவியில் வராது. இருபது வயது ப்ராப்புக்கு முப்பது வயதுக்காரரின் உடல் வலிமைகூட இருக்கலாம். ஆனால் எதிராளி தோளை எந்தக் கோணத்தில் உள்ளே திருப்புகிறார், நடுவர் எதைக் கவனிக்கிறார் என்பவற்றைத் தோற்றுத்தோற்றுத்தான் அறிய முடியும். பழுத்த ப்ராப் ஒருவர் இளைஞரை முதல் மூன்று ஸ்க்ரம்களில் பாடாய்ப் படுத்துவதை ஒவ்வொரு பருவமும் பார்க்கலாம். ஹூக்கருக்கு இன்னொரு சோதனை உண்டு. லைன்-அவுட்டில் சக வீரர்கள் தூக்கிப் பிடிக்கும் லாக்கின் கைக்கு, இரு வரிசைகளுக்கும் நடுவே நேர்கோட்டில், மழையிலும் காற்றிலும் அவர் பந்தை எறிய வேண்டும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின்பும் கம்பத்தில் ஒரு குறியை வைத்துத் தனியாக எறிந்துகொண்டிருப்பவர் ஹூக்கராகத்தான் இருப்பார்.

இந்தப் படிப்புக்குக் கிளப்புகள் வைத்திருக்கும் வழிதான் இரவல். இங்கிலாந்தில் முதல்நிலைக் கிளப் ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் வளரும் இளைஞரை, இரட்டைப் பதிவு என்ற முறையில், இரண்டாம் நிலைக் கிளப்புக்கும் சேர்த்துப் பதிவு செய்து அங்கே ஆட அனுப்புகிறார்கள். வார நாள்களில் பெரிய கிளப்பில் பயிற்சி, வார இறுதியில் சிறிய கிளப்பில் அடி, உதை. விவரக்குறிப்பில் இந்தச் சிறிய கிளப்பின் பெயர் ஒரு வரியாக நின்றுவிடும். வீரர் உருவானது அந்த ஒரு வரியில்தான். பிரான்சில் மருத்துவ ஜோக்கர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் நீண்ட காலக் காயம் அடைந்தால், அவருக்குப் பதிலாகப் பருவத்தின் நடுவிலேயே வேறொருவரை ஒப்பந்தம் செய்யக் கிளப்புக்கு அனுமதி கிடைக்கும். இப்படி வரும் ஆள், பெரும்பாலும் வேறெங்கோ ஒப்பந்தம் தீர்ந்து நிற்கும் அனுபவசாலி. சில மாதங்களுக்காகப் போனவர், நன்றாக ஆடி அங்கேயே சில ஆண்டுகள் தங்கிவிடுவதும் உண்டு.

கேள்வி: ரக்பி யூனியன் வீரர்கள் முன்பு சம்பளமே வாங்கவில்லையாமே? வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

பதில்: வேலைக்குப் போனார்கள். 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் ஆட்டத்தைத் தொழில்முறைக்குத் திறந்துவிடும் வரை, ரக்பி யூனியனில் ஆடுவதற்குக் கூலி வாங்குவது விதிமீறல். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1895இல், ஆட்டத்துக்காக இழந்த வேலைநாள் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்ட வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்து போயின. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்.

மேலே சொன்ன ஜேசன் லெனர்ட் தச்சர். லெஸ்டர் டைகர்ஸ் கிளப்பின் 3ஆம் எண்காரர் டேரன் கார்ஃபோர்த், கட்டடங்களுக்குக் குழாய்ச் சாரம் கட்டும் தொழிலாளி. தொழில் என்ன என்று கேட்டபோது, ‘குழாய்த் தொழில்நுட்ப வல்லுநர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். அதே கிளப்பின் லாக், பின்னாளில் இங்கிலாந்தின் உலகக் கோப்பைத் தலைவரான மார்ட்டின் ஜான்சன், வங்கி ஊழியர். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், திங்கள்கிழமை கறுத்த கண்ணோடு மறுபடி வேலை. தொழில்முறை வந்த நாளில் இந்தத் தலைமுறைக்கு வயது இருபத்தைந்து, முப்பது. வேலையை விட்டுவிட்டு ஆட்டத்தையே நம்பலாமா என்ற கேள்வி அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுந்தது.

கேள்வி: லெஸ்டர் அணியின் சட்டையில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்ததாமே?

பதில்: ஆம். முதல் வரிசை மூவரும் ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துகளை முதுகில் அணிந்தார்கள். கிரஹாம் ரவுன்ட்ரீ, ரிச்சர்ட் காக்கரில், டேரன் கார்ஃபோர்த் மூவரும் சேர்ந்து ஆடிய நாளில் அவர்களை ‘ஏபிசி கிளப்’ என்றே அழைத்தார்கள். 1990களின் இறுதியில் எண்கள் கட்டாயமானதும் அந்த வழக்கம் போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமே.

கேள்வி: ஒரே கிளப்பில் கடைசி வரை இருப்பது நல்லதா, கிளப் மாறிக்கொண்டே இருப்பது நல்லதா?

பதில்: கேள்வியில் ‘நல்லது’ என்பது யாருக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கிளப்பில் இருப்பவரை ரசிகர்கள் நேசிப்பார்கள். ஜான்சன் அப்படிப்பட்டவர். பத்தொன்பது வயதில் நியூசிலாந்தின் பழம்பெரும் லாக் காலின் மீட்ஸின் அழைப்பை ஏற்று அங்கே சென்று கிங் கன்ட்ரி அணிக்காக ஆடியதைத் தவிர, அவருடைய வாழ்க்கை முழுவதும் லெஸ்டர்தான். 1989 முதல் 2005 வரை 362 ஆட்டங்கள். 1999 முதல் 2002 வரை தொடர்ந்து நான்கு இங்கிலாந்து லீக் பட்டங்கள். 2001லும் 2002லும் ஹைனகன் கோப்பை என்ற ஐரோப்பியக் கிளப் பட்டம். 2001 இறுதி ஆட்டம் பாரிஸில், பாரிஸ் கிளப்பான ஸ்டாட் ஃபிரான்சேவுக்கு எதிராகவே நடந்தது. 34–30 என்று வென்றார்கள். இதெல்லாம் ஜான்சனின் விசுவாசத்தால் மட்டும் நடந்ததல்ல. அவர் மாறிப் போகத் தேவையில்லாத அளவுக்குச் சிறந்த கிளப்பாக லெஸ்டர் அந்த ஆண்டுகளில் இருந்தது. தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்பில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர்களின் விசுவாசத்தைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அயர்லாந்தின் பால் ஓகானலின் கதை வேறு. லிமரிக்கில் பிறந்து, மன்ஸ்டர் அணிக்காக 2001 முதல் ஆடி, 2006லும் 2008லும் ஹைனகன் கோப்பையை வென்று, முப்பத்தைந்து வயதில் கடைசியாக ஒரு நல்ல ஊதியத்துக்குப் பிரான்சின் டூலான் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அங்கே போவதற்கு முன் நடந்த 2015 உலகக் கோப்பையில், பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில், தொடையின் பின்தசை எலும்பிலிருந்து கிழிந்தது. டூலான் சட்டையை ஓர் ஆட்டத்தில்கூட அணியாமலேயே 2016 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். முன்கள வீரர்கள் வெளிநாட்டு ஒப்பந்தத்தை முப்பதைத் தாண்டும் வரை தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? நாட்டு அணிக்காக. நியூசிலாந்தில் ஆடுபவர்களை மட்டுமே நியூசிலாந்து தேர்ந்தெடுக்கிறது. இங்கிலாந்தும் விதிவிலக்கான சூழ்நிலை தவிர உள்நாட்டுக் கிளப்புகளில் இருப்பவர்களையே எடுக்கிறது. பிரான்ஸ் கூடுதல் பணம் தரும், ஜப்பானோ பணத்தோடு குறைவான ஆட்டங்களையும் தரும் என்று தெரிந்தும், நாட்டுச் சட்டை மீது ஆசை உள்ளவர் உள்ளூரிலேயே இருப்பார். அந்த ஆசை நிறைவேறாது என்று தெளிந்த ஆண்டில்தான் பலர் பெட்டி கட்டுகிறார்கள். ஆகவே விவரக்குறிப்பில் ஒருவர் இருபத்தெட்டு வயதில் பிரான்சுக்குப் போயிருந்தால், அதை வெறும் பணத்தாசை என்று நான் படிப்பதில்லை. தம்மைப் பற்றி அவர் எடுத்த நேர்மையான முடிவாகவும் அது இருக்கலாம்.

கேள்வி: ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே கிளப் திவாலானால் வீரரின் கதி என்ன?

பதில்: இது கற்பனைக் கேள்வி அல்ல. இங்கிலாந்தில் 2022–23 பருவத்தில் மூன்று முதல்நிலைக் கிளப்புகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. வூஸ்டர் வாரியர்ஸ் கிளப்பில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்த துணை நிறுவனத்தை 2022 அக்டோபர் 5 அன்று நீதிமன்றம் கலைத்தது. அதோடு அவர்களுடைய ஒப்பந்தங்களும் அன்றே முடிந்தன. அதே மாதத்தில் வாஸ்ப்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். பருவத்தின் நடுவில் மற்ற கிளப்புகளில் இடம் ஏது? அவற்றுக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் அது 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாட்டு அணி வீரர்களுக்கு விரைவில் இடம் கிடைத்தது. முப்பது வயதான, குடும்பமும் வீட்டுக்கடனும் உள்ள, பெயர் தெரியாத முன்கள வீரர்கள்தான் பாதி ஊதியத்துக்கும் சில வார ஒப்பந்தத்துக்கும் அலைந்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த ஆட்ட எண்ணிக்கைக்கு அந்த வாரங்களில் மதிப்பில்லாமல் போனதுதான் எனக்கு உறுத்தல்.

இதில் ஒரு விசித்திரமும் நடந்தது. வாஸ்ப்ஸ் கிளப்பின் ஃபிளாங்கர், அதாவது ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் முன்கள வீரர், ஜாக் வில்லிஸ் வேலையிழந்து, பிரான்சின் டூலூஸ் கிளப்பில் சேர்ந்தார். 2023இல் பிரெஞ்சு லீக் பட்டம். 2024இல் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் கோப்பை. வேலையிழந்தவர் என்பதால் முதல் பருவத்துக்கு இங்கிலாந்து அணி விலக்களித்தது. பிறகு அவர் டூலூஸிலேயே தங்க முடிவெடுத்தபோது நாட்டு அணியின் கதவு மூடிக்கொண்டது. கிளப் சரிந்ததால் கிடைத்த நல்வாழ்வுக்கு அவர் கொடுத்த விலை அது.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது, ப்ராப்பாக ஆடுகிறான். தொழில்முறைக்குப் போக விரும்புகிறான். தலைக்காயம் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வருவதில்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. முதலில் சொன்ன கார்ல் ஹேமன், நியூகாசிலுக்குப் பிறகு டூலானுக்குப் போய், 2013, 2014, 2015 என்று மூன்று ஐரோப்பியப் பட்டங்கள் வென்ற அணியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். 2021இல், நாற்பத்தொரு வயதில், தமக்கு இளவயது மறதிநோய் என்று வெளியிட்டார். இங்கிலாந்தின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ஸன், 2003இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அந்த வெற்றி தமக்கு நினைவிலேயே இல்லை என்று 2020இல் சொன்னார். அவருடைய கிளப் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள்: நார்தாம்ப்டன், கழுத்துக் காயத்தால் 2007இல் ஓய்வு, உடனே மனம் மாறிப் பிரான்சின் பிரீவ் கிளப்பில் மறுபடி ஆட்டம், பிறகு லீட்ஸ், பிறகு வாஸ்ப்ஸ், அங்கே மீண்டும் கழுத்துக் காயம், 2011இல் இறுதி ஓய்வு. முன்பு இந்தப் பட்டியலைத் துணிச்சல் என்று படித்தோம். இப்போது அதை அப்படியே படிக்க எனக்கு மனம் வருவதில்லை. முன்னாள் வீரர்கள் பலர் ஆட்டத்தின் நிர்வாக அமைப்புகள் மீது வழக்கும் தொடுத்திருக்கிறார்கள்.

தலைக்காயம் என்றதும் மயங்கி விழும் பெரிய அடியையே நினைக்கிறோம். ஆனால் முன்கள வீரர் ஒரு வாரத்தில் வாங்கும் சின்னச் சின்ன மோதல்களின் கூட்டுத்தொகையும் மருத்துவர்களின் கவலை. அந்தக் கூட்டுத்தொகையில் பெரும்பங்கு ஆட்டத்தில் வராமல் பயிற்சியில் வரலாம். அதனால்தான் உலக ரக்பி அமைப்பு 2021இல், முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டியது. ஸ்க்ரம் முட்டும் வேகத்தைக் குறைக்க, முதலில் பற்றிக்கொண்டு பிறகே முட்டும் முறை 2013இல் வந்தது. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்று 2022இல் விதித்தார்கள். 2024இலிருந்து உயர்மட்ட ஆட்டங்களில், மோதலின் வேகத்தை அளந்து மருத்துவருக்குச் சொல்லும் பல்காப்புகள் வந்துவிட்டன. ஹேமன் ஆடிய காலத்தைவிட உங்கள் மகன் நுழையப்போகும் ஆட்டம் பாதுகாப்பானது. ஆபத்தே இல்லாதது என்று நான் எழுத மாட்டேன்.

அவனைச் சேர்க்கப்போகும் கிளப்பிடம் நீங்கள் நேரில் கேட்க வேண்டியவை சில உண்டு. வாரத்தில் எத்தனை நிமிடம் மோதல் பயிற்சி? தலையில் அடிபட்டவர் திரும்ப ஆடலாம் என்று முடிவெடுப்பவர் மருத்துவரா, பயிற்சியாளரா? கழுத்துத் தசைக்குத் தனிப் பயிற்சி உண்டா? ஆட்டத்தோடு படிப்பைத் தொடர வழி உண்டா? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் கிளப்பாக இருந்தால் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். ‘பையன் திடமாக இருக்கிறான், கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் சொல்லும் கிளப்பாக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கிளப்பிலேயே காலம் கழித்துவிட்டு, நாட்டு அணிக்கு மிகத் தாமதமாகத் தேர்வான முன்கள வீரர் யாராவது உண்டா?

பதில்: டியோன் ஃபூரி. ஹூக்கராகவும் ஃபிளாங்கராகவும் ஆடக்கூடிய தென்னாப்பிரிக்கர். கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணியில் ஆடிவிட்டு, 2014இல் பிரான்சின் லியோனுக்குப் போனார், பிறகு கிரெனோபிள். ஏழு ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துவிட்டு, 2021இல் ஸ்டார்மர்ஸுக்கே திரும்பியபோது அவர் முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ஓரிரு பருவம் ஆடிவிட்டுப் போக வந்தவர் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அந்தப் பருவத்தில் ஸ்டார்மர்ஸ் லீக் பட்டத்தை வென்றது. அடுத்த மாதமே, 2022 ஜூலையில், வேல்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கச் சட்டையை முதன்முறையாக அணிந்தார். அந்த அணிக்கு முதல் ஆட்டம் ஆடியவர்களில் அவரே மிக மூத்தவர்.

கதை அங்கே நிற்கவில்லை. 2023 உலகக் கோப்பையின் நடுவில் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்து வெளியேற, அவருக்குப் பதிலாக இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், உதைப்பதில் வல்ல ஹான்ட்ரே பொலார்டை அழைத்தார்கள். எனவே நியூசிலாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் போங்கி எம்போனம்பிக்கு மாற்றாக வெளியே அமர்ந்திருந்த ஒரே ஹூக்கர், அண்மைக் காலத்தில் பெரும்பாலும் ஃபிளாங்கராகவே ஆடிவந்த ஃபூரி. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் எம்போனம்பியின் முழங்கால் போயிற்று. முப்பத்தேழு வயதுக்காரர் உள்ளே இறங்கி, மழைச் சாரலில், மிச்ச ஆட்டம் முழுவதும் ஸ்க்ரம்மின் நடுவில் தலை கொடுத்து நின்றார். அவர் எறிந்த லைன்-அவுட் பந்துகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேரவில்லை. தென்னாப்பிரிக்கா 12–11 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது. கோப்பையை வாங்கிய கையோடு அவர் திரும்பிப் போனது ஸ்டார்மர்ஸ் கிளப்புக்குத்தான். பருவம் அங்கே ஏற்கெனவே தொடங்கியிருந்தது.